ஒஸ்லோவில் கை நனைத்தது

ஒரு பெடியனை விசாரிக்கத்தான் நான் ஒஸ்லோவுக்குப் போனேன். ஊர் பார்க்கப் போனவனாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி வந்திருக்கும். கடலும் கப்பலும் பனியும் என்று நாலு பக்கம் நிதானமாக எழுதியிருப்பேன். இப்போது எழுத உட்காரும்போதே காது சூடேறுகிறது.

அண்ணரின் மகள் அபிராமிக்கு இருபத்தாறு வயது. பாரிசில் ஒரு கலியாணவீட்டில் நிரோஷன் என்ற பெடியனைச் சந்தித்திருக்கிறாள். நோர்வேயில் வளர்ந்தவன், சுரங்கப்பாதை கட்டும் எஞ்சினியர். இரண்டு வருடம் தொலைபேசியில் கதைத்துவிட்டு, கடைசியில் அவளே தகப்பனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அண்ணர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "தம்பி ஒருக்காப் போய் விசாரிச்சுக்கொண்டு வரட்டும்" என்றார். அந்தத் தம்பி நான்தான்.

எங்கள் ஆட்களின் விசாரிப்பு எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெடியன் குடிப்பானா, நிரந்தர வேலையா, முன்பு யாருடனாவது பழக்கம் இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். அதெல்லாம் மேற்பூச்சு. உள்ளே இருப்பது ஒரே ஒரு கேள்வி, என்ன சாதி என்பது. அதை யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். "ஆக்கள் ஆர்?" என்று கேட்பார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பெட்டியைக் கட்டினேன்.

புறப்படுகிற அன்று அபிராமி வந்தாள். "சித்தப்பா, அப்பா வந்தா எனக்குச் சந்தோசம். வராட்டியும் எங்கடை பக்கத்தாலை ஒருத்தராவது நிண்டு தாரை வார்த்துக் குடுக்க வேணும். களவாய் ஓடிப்போன மாதிரி நான் கட்டமாட்டன்" என்றாள். கவலைப்படாதே, அப்பாவை நான் சம்மதிக்க வைக்கிறேன் என்று தோளில் தட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் விமானநிலையத்தில் வந்து இறங்கினேன். தண்டவாளத்தில் ஏதோ திருத்த வேலையாம், ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விட்டிருந்தார்கள். நான் லண்டனில் பேருந்து ஓட்டுகிறவன். மற்றவன் ஓட்டும் பேருந்தில் ஏறினால் எனக்கு வாய் சும்மா இராது. ஏப்ரல் மாதம், பாதி உருகிய பனியும் அதன்மேல் கொட்டிய சரளைக்கல்லுமாகத் தரை சேறுபட்டுக் கிடக்கிறது. நாற்பது பேர் அதில் நிற்கிறோம். சாரதி கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கோப்பி குடிக்கிறார். புறப்பட இன்னும் நாலு நிமிடம் இருக்கிறதாம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. லண்டனில் நான் இப்படி நாலு நிமிடம் இருந்தால் சனம் கதவோடு சேர்த்து என்னையும் பிய்த்தெடுத்துவிடும். கோபமும் பொறாமையும் ஒன்றாக வந்தன.

பஸ் நிலையத்தில் மச்சான் சிவராசா காத்து நின்றான். என் மாமாவின் மகன். எண்பதுகளிலேயே நோர்வேக்கு வந்தவன், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி இருக்கிறான். விசாரிப்புக்கு அவன்தான் உள்ளூர் ஆள். "முதல்லை வயித்தைப் பாப்பம் மச்சான்" என்று பெட்டியை இழுத்துக்கொண்டு நிலையத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனான்.

ஆறு முக்காலி, ஒரு நீள மேசை, பெட்டிகள் வைக்க ஒரு தட்டு, சுவரில் பேருந்து நேர அட்டவணை. அவ்வளவுதான் கடை. சுவீடனுக்குப் போகிறவர்கள், டென்மார்க் கப்பலுக்கு நிற்பவர்கள், வேலை முடிந்த சாரதிகள் என்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தார்கள். கடைக்காரி லியு அம்மா. வட சீனத்தில் தியான்ஜின் என்ற ஊர்க்காரி, அறுபது வயது இருக்கும். யார் வந்தாலும் என்ன வேண்டும் என்று கேட்கமாட்டாராம். "உன் பஸ் எத்தனை மணிக்கு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஐந்து நிமிடம் என்றால் எள்ளு ஒட்டிய தட்டை ரொட்டி ஒன்றைத் தாளில் சுற்றிக் கையில் தருவார். பத்து நிமிடம் என்றால் பயற்று மாவில் தோசை. அரை மணி இருந்தால் ஆவியில் அவித்த கொழுக்கட்டையும் தினைக் கஞ்சியும். சிவராசா இதை எனக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு நோர்வேக்காரன் "எனக்குக் கொழுக்கட்டைதான் வேண்டும்" என்று அடம்பிடித்தான். "உனக்கு ஏழு நிமிடம்தான் இருக்கிறது. வாயைச் சுட்டுக்கொள்வாய்" என்று சொல்லி ரொட்டியைத் தந்து அனுப்பிவிட்டார்.

எங்களுக்கு நேரம் இருந்தது. அதனால் எல்லாம் வந்தன. அந்தத் தோசையைச் சொல்ல வேண்டும். வட்ட இரும்புத் தட்டில் மாவை ஊற்றி, மரக்கட்டையால் ஒரே சுழற்றில் கடதாசி மாதிரிப் பரப்புகிறார். மேலே முட்டையை உடைத்துத் தடவி, வெங்காயத் தாளும் கொத்தமல்லியும் தூவி, திருப்பிப் போட்டு, கறுப்பாக ஒரு கூழ் பூசி, நடுவில் மொறுமொறுவென்று பொரித்த மாத்தகடு ஒன்றை வைத்து மடித்துத் தருகிறார். பச்சைப்பயறு வாசம் மூக்கில் ஏறியது. விமானத்தில் தந்த குளிர்ந்த பாண் துண்டையும், சவர்க்காரத்தில் சர்க்கரை கலந்தது போன்ற அந்த மண்ணிறச் சீஸையும் நினைத்தேன். இந்த நாட்டில் நான் இனி இந்தக் கடையை விட்டு அசைவதில்லை என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை என்பதால் சிவராசா மரக்கறிதான். தோசையையும் தொடவில்லை, முட்டை. கொழுக்கட்டை வந்ததும், மரக்கறிக்கு வேறு சட்டியா என்று லியு அம்மாவிடம் கேட்டான். அவர் பொறுமையாக உள்ளே போய் வேறு சட்டியைத் தூக்கிக் காட்டினார். முட்டைக்கோவாவும் காளானும் வைத்துத் தலையில் கொசுவம் பிடித்த கொழுக்கட்டைகள். ஒவ்வொரு மடிப்பும் ஒரே அளவு. சிவராசா ஏழு தின்றான். வீட்டுக்கும் ஒரு பெட்டி கட்டினான்.

"இஞ்சத்தை மாவைப்போல ஒஸ்லோவிலை எங்கையும் இல்லை மச்சான். எங்கடை மகள் சுகன்யா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு இருநூறு எடுத்தனாங்கள். ஐயரும் சாப்பிட்டவர்" என்றான்.

கடைசியாக ஒரு இனிப்பு வந்தது. பசையரிசி மாவை உருட்டி, உள்ளே சிவத்தப் பயற்றங்களி வைத்து, மேலே வறுத்த சோயா மாவில் புரட்டியது. அதன் பெயர் 'கழுதை புரண்டது' என்று லியு அம்மா சொல்ல, சிவராசா எனக்கு மொழிபெயர்த்தான். இரண்டு பேரும் சிரித்தோம். அன்று நான் கோபப்பட்டது பேருந்துச் சாரதியில் மட்டும்தான்.

சனிக்கிழமை காலை நிரோஷன் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டான். ஒல்லியான பெடியன், கண்ணாடி. "அங்கிள்" என்று தொடங்கி, இரண்டு தெரு தாண்டியதும் "சித்தப்பா" என்றான். ஒஸ்லோ வந்தவர்களுக்கெல்லாம் கடலும் கோட்டையும் காட்டுவார்கள். இவன் என்னைச் சுரங்கப்பாதைக்குள் கூட்டிப்போனான். "இஞ்சை பாறை நல்லது, அந்தக் கரையிலை லெய்ரா" என்றான். லெய்ரா என்றால் களிமண்ணாம். களிமண் இருந்த இடத்தில் எப்படித் தண்ணீர் கசிந்தது, எப்படி அடைத்தோம் என்று கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து எடுத்துக் காட்டினான். சாரதி என்ற முறையில் எனக்கு நெஞ்சு பதறியது. ஆனால் வேலையை இப்படி விரும்பிச் செய்கிற ஒருவனைப் பார்த்தால் எனக்குப் பிடித்துவிடும். என் விசாரிப்பு சனிக்கிழமை மதியத்தோடு முடிந்துவிட்டது. பெடியன் நல்லவன்.

மற்றவர்களின் விசாரிப்பு அன்று மாலைதான் தொடங்கியது. லோறென்ஸ்கூக்கில் சிவராசாவின் வீட்டு வரவேற்பறையில் நாலு குடும்பம் வந்து நிரம்பியது. சிவராசாவின் மனைவி புஷ்பா முதல்நாள் கட்டி வந்த கொழுக்கட்டைகளைச் சூடாக்கிப் பரிமாறினாள். எல்லோரும் அதைத் தின்றுகொண்டே நிரோஷனைப் பற்றி நல்லதாகச் சொன்னார்கள்.

"நல்ல பெடியன். ஆனா..."

"படிச்ச பெடியன். கெட்ட பழக்கம் ஒண்டும் இல்லை. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, தேநீரைக் குடிப்பார்கள். நான் வேண்டுமென்றே, "ஆனா என்ன?" என்று கேட்டேன். அறை முழுக்கச் சங்கடப்பட்டது. கடைசியில் சிவராசா என் காதுக்கு அருகில் குனிந்தான்.

"நாங்கள் அவையின்ரை வீட்டிலை கை நனைக்கிறேல்லை மச்சான். விளங்கும்தானே."

விளங்கியது. ஊரில் ஒரு வீட்டில் சாப்பிடுவதில்லை என்றால் அந்த வீட்டாரோடு பெண் கொடுத்து எடுப்பதில்லை என்று அர்த்தம். அந்தக் காலத்தில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நோர்வேக்காரர் எங்களுக்கும் சிங்களவருக்கும் நடுவில் விமானத்தில் பறந்து பறந்து திரிந்தார்கள். அவர்களுடைய நாட்டிலேயே, அவர்களுடைய தலைநகரத்திலேயே, நாங்கள் ஹவுகன்ஸ்டுவாவில் நிரோஷன் இருக்கும் ஒரு தமிழ் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டோம். இதற்கு யாரைத் தூது விடுவது? எனக்கு அந்த அறையில் இருந்த எல்லோரையும் வெளியே பனியில் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை. இன்னொரு கொழுக்கட்டை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பியோர்ண்டாலில் இருக்கும் ஒரு பழைய வகுப்புத் தோழனிடம் போகலாம் என்று தனியாகக் கிளம்பினேன். சிவராசாவின் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாள் இருந்தால் போதும் என்றிருந்தது. ஞாயிறு என்றால் இந்த ஊரில் பேருந்துகள் கோவிலுக்குப் போய்விடும் போல. நான் மாறி ஏற வேண்டிய பேருந்து, நான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சரியான நிமிடத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனது. சாரதி எனக்குக் கையும் காட்டினார். தமிழில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு லியு அம்மாவின் கடைக்குப் போனேன்.

"உன் பஸ் எத்தனை மணிக்கு?" என்பதை இப்போது நானே விளங்கிக்கொண்டேன். ஒரு மணி நேரம் என்று விரலைக் காட்டினேன். தினைக் கஞ்சி வந்தது. கடையில் இரண்டு பேர்தான். அப்போது சமையலறைத் திரைக்குப் பின்னால் எண்ணெய் சீறும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு பெண் குரலும் கேட்டன.

"ஐயோ, என்ரை கை! சனியன் பிடிச்ச எண்ணெய்!"

சுத்த யாழ்ப்பாணத் தமிழ். கரண்டியை வைத்துவிட்டு எழுந்தேன். திரை விலகி ஒரு பெண் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை மா. குழாயில் கையைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீங்கள் தமிழோ? இஞ்சை வேலை செய்யிறியளோ?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டு வருசமாய்" என்றார். பிறகு கொஞ்சம் நிதானித்து, "நீங்கள் லண்டன் சித்தப்பா. நான் நிரோஷன்ரை அம்மா, மங்களேஸ்வரி. வெள்ளிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் வந்து இருந்தனீங்கள். நான் உள்ளை நிண்டு கண்டனான்" என்றார்.

"அப்ப ஏன் வெளியிலை வந்து கதைக்கேல்லை?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, லியு அம்மாவைக் காட்டிக் கதை சொன்னார். பாத்திரம் கழுவத்தான் வந்தவராம். கணவர் இறந்தபோது நிரோஷன் பள்ளிக்கூடத்தில். லியு அம்மாவுக்குத் தோள்மூட்டு நோகத் தொடங்கியதும் மா பிசைகிற வேலை இவரிடம் வந்தது. இப்போது ரொட்டி, கொழுக்கட்டை, முறுக்கிப் பொரிக்கும் மாப் பலகாரம் எல்லாம் இவர் கைதான். லியு அம்மா முன்னால் தோசை மட்டும் வார்ப்பார்.

"பயறு ஊறப்போட்டு அரைக்க எனக்கு ஆரும் சொல்லித்தர வேணுமோ?" என்று சிரித்தார். "கொழுக்கட்டைக்கு மடிப்புப் பிடிக்கத்தான் மூண்டு மாசம் எடுத்தது. மடிப்புப் பிழைச்சா இந்த மனிசி அப்பிடியே பிரிச்சு மாவாக்கிப்போடும்."

லியு அம்மா நாங்கள் எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்று கண்டுகொண்டார் போல. மங்களேஸ்வரியின் கையை எடுத்து என்னிடம் நீட்டிக் காட்டி, நோர்வே மொழியில் ஏதோ சொன்னார். "என் கை இப்போது இவளிடம் இருக்கிறதாம்" என்று மங்களேஸ்வரி வெட்கப்பட்டுக்கொண்டே மொழிபெயர்த்தார்.

 சனிக்கிழமை மாலை அந்த வரவேற்பறையில் எல்லோரும் தின்றது இவர் பிசைந்த மாவை. சாமத்தியவீட்டில் ஐயர் சாப்பிட்டது இவர் மடித்த கொழுக்கட்டையை. அதை மென்றுகொண்டேதான் 'ஆனா' என்று இழுத்தார்கள். நல்லது, மச்சானே, நாளைக்கு உனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. கையில் கல் கிடைத்தவனின் சந்தோஷம்.

புறப்படும்போது மங்களேஸ்வரி, "செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. அண்ணரின்ரை முடிவு என்னெண்டு சொல்ல வாறதெண்டா வீட்டை வாங்கோ" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கட்டாயம் வருகிறேன் என்றேன். பியோர்ண்டாலுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை சிவராசா வேலையால் வரும்வரை காத்திருந்தேன். சப்பாத்தைக் கழற்றி முடிக்கக்கூட விடவில்லை.

"மச்சான், அந்தச் சீனக்கடையிலை மா பிசையிறது ஆரெண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும்" என்றான். மற்றச் சப்பாத்தையும் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்தான். "மங்களேஸ்வரி. கனகாலமாய் அங்கைதான் நிக்கிறா."

என் கையில் இருந்த கல்லை அவன் பூப்போல வாங்கி ஓரமாக வைத்துவிட்டான்.  கத்தத் தொடங்கினேன். ஏழு கொழுக்கட்டை தின்றாயே, இருநூறு வாங்கிப் பந்தி வைத்தாயே, அப்போது எங்கே போனது உன் நனையாத கை என்று கேட்டேன்.

"அது கடை மச்சான்" என்றான், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "கடை வேறை, வீடு வேறை. கடையிலை ஆர் சமைச்சா என்ன? காசைக் குடுக்கிறம், சாப்பிடுறம், வாறம். வீட்டிலை கை நனைச்சா அது உறவு. நாளைக்கு அவையும் இஞ்சை வந்து இருப்பினம்."

"இருந்தா என்ன?"

"உனக்கு லண்டனிலை தெரியாது. இஞ்சை நாங்கள் கொஞ்சப் பேர். எல்லாருக்கும் எல்லாம் தெரியும்."

இந்த மனிதன் வந்த நாளிலிருந்து பதினைந்து வருடம் ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவியவன். உலகத்தில் உள்ள எல்லாச் சாதிக்காரனின் எச்சிலிலும் கை நனைத்தவன். அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது, அது நேர்மையான வேலை. ஆனால் சொன்னேன். புஷ்பா குசினி வாசலில் வந்து நின்றாள். மேல்மாடியில் இருந்து சுகன்யா இறங்கி வந்து தகப்பனைப் பார்த்து, "டெட் ஏர் சோ ஃப்லௌட், அப்பா" என்றாள். என்ன அர்த்தம் என்று கேட்டேன். "சரியான வெட்கக்கேடு எண்டு சொல்லுறாள்" என்றாள் புஷ்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. சிவராசா மகளை மேலே போகச் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நான் ஞாயிற்றுக்கிழமையே அண்ணைக்கு போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். நீ சத்தம் போட்டு ஒண்டும் வரப்போறேல்லை."

நான் விசாரிக்க வந்த விஷயத்தை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் முடித்து அனுப்பிவிட்டிருக்கிறான். அண்ணருக்கு அழைத்தேன். பெடியன் தங்கம் என்றேன். தாய் எப்படிப்பட்டவர் என்றேன். அண்ணர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சிவராசா சொன்னவர்" என்றார். "நான் வரமாட்டன் எண்டு அவைக்குச் சொல்லிப்போட்டு வா. மரியாதையாய்ச் சொல்லு."

மரியாதையாக! அந்த ஒரு சொல்லுக்காக அன்று இரவு முழுக்க எரிந்துகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பெட்டியோடு ஹவுகன்ஸ்டுவாவுக்குப் போனேன். மாலை விமானம். ரயில் அன்று ஒழுங்காக ஓடியது, திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. நீளமான அடுக்குமாடிகள், மாடங்களில் சைக்கிளும் பூச்சட்டியும். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவர்கள் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிடுவேன். அதை லோறென்ஸ்கூக் முழுக்கத் தெரியும்படி சொல்வேன். சிவராசாவின் முகத்தில் கரி பூசுவேன். இப்படி நினைக்க நினைக்க நடை வேகமாக வந்தது.

மங்களேஸ்வரி கதவைத் திறந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். நிரோஷன் வேலைக்குப் போய்விட்டான். சுவரில் கணவரின் படம், அலுமாரியில் மகனின் பட்டமளிப்புப் படம். குசினியில் இருந்து மீன்குழம்பு வாசம் வந்தது. என்னை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனவர், குளிர்ப்பெட்டியில் இருந்து தோடம்பழச் சோடா அடைத்த தகர ரின் ஒன்றைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். ரின் திறக்கவில்லை. கிளாசும் வைக்கவில்லை.

"சாப்பிட்டுத்தான் வந்திருப்பியள்" என்றார்.

சில நொடிகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. என் அப்பா ஊரில் அலுவலாக இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போவார். அவர்கள் கடைக்கு ஆள் அனுப்பி, மூடி கழற்றாத சோடாப் போத்தல் வாங்கி வந்து, திறப்பானோடு முன்னால் வைப்பார்கள். அவர்கள் கை படாதது, அவர்கள் பாத்திரத்தில் ஊற்றாதது. அப்பா அதைத் தானே உடைத்துக் குடிப்பார். மற்றதெல்லாம் "இப்பதான் சாப்பிட்டனான்". பத்து வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இந்த அம்மா எனக்காக அதே மாதிரி எடுத்து வைத்திருக்கிறார். சாக்குப்போக்கையும் அவரே சொல்லித் தந்துவிட்டார். நான் பொய் சொல்லிக் கஷ்டப்படக் கூடாதாம்.

"இல்லை, சாப்பிடேல்லை" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நல்ல பசி. சாப்பாடு போடுங்கோ."

எழுந்து ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். வரம் கொடுத்தவன் போலத்தான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். அவர் அசையவில்லை.

"அண்ணர் என்ன சொன்னவர்?"

சொன்னேன். மரியாதையாகச் சொல்ல முயன்றேன், முடியவில்லை. வரமாட்டாராம் என்றுதான் வந்தது. அவர் தலையை ஆட்டினார். அழவில்லை.

"அப்ப நீங்கள் இஞ்சை சாப்பிட்டு என்ன?" என்று கேட்டார். "போய் எல்லாருக்கும் சொல்லுவியள், நான் அவையின்ரை வீட்டிலை சாப்பிட்டனான் எண்டு. உங்களுக்கு நல்லாயிருக்கும். என்ரை பிள்ளைக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன? உங்கடை மன ஆறுதலுக்கு நான் சோறு போடேலாது."

எனக்கு முகம் எரிந்தது. இவர் மேலும் கோபம் வந்தது, அதையும் மறைக்கவில்லை. நான் உங்களுக்காக நாலு நாளாகச் சண்டை பிடித்துக்கொண்டு திரிகிறேன் என்றேன்.

"ஓம். கத்தினது கேள்விப்பட்டனான். அந்தப் பிள்ளை கேட்டது கத்தவோ? அவளின்ரை பக்கத்தாலை ஒருத்தர் நிண்டு குடுக்க வேணுமெண்டு கேட்டவள். எனக்கும் போனிலை சொன்னவள். அண்ணர் வராட்டி, சித்தப்பா நீங்கள் இருக்கிறியள்தானே. நீங்கள் நிண்டு தாரை வார்ப்பியளோ?"

அபிராமி 'ஒருத்தராவது' என்று சொன்னபோது அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான்தான் தோளில் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உடனே பதில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அண்ணர்தான் என்னை லண்டனுக்குக் கூப்பிட்டவர். அவர் வீட்டு அறையில்தான் ஆறு வருடம் இருந்தேன், அங்கிருந்துதான் கலியாணமும் கட்டினேன். நான் நின்று கொடுத்தால் அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது. நாலு நாளாகச் சாரதிகள் மேலும் சிவராசா மேலும் சாதி மேலும் நான் பட்ட கோபத்தால் எனக்கு ஒரு நட்டமும் வரவில்லை. அவ்வளவு கோபத்தையும் சும்மா பட்டிருக்கிறேன். மங்களேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று அவருக்குத்தான் தெரியும்.

"ஓம்" என்றேன். "நானும் மனிசியும் நிண்டு குடுப்பம்."

"அண்ணரிட்டைச் சொல்லுங்கோ. இஞ்சையிருந்து சொல்லுங்கோ" என்று வீட்டுத் தொலைபேசியை நீளமான வயரோடு இழுத்துக் கொண்டுவந்து சோடா ரின்னுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அண்ணரின் இலக்கத்தை அழுத்தும்போது இரண்டு தரம் பிழைத்துவிட்டது.

"அண்ணை, நான். ஹவுகன்ஸ்டுவாவிலை அவையின்ரை வீட்டிலை இருக்கிறன். நீங்கள் வராட்டி நானும் ராணியும் நிண்டு பிள்ளையைத் தாரை வார்த்துக் குடுப்பம்."

 ஏசுவார் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். ஏசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கை சாப்பிட்டனியோ?"

"இன்னும் இல்லை" என்றேன். "இனித்தான்."

தொடர்பு அறுந்தது. ரிசீவரைக் கீழே வைத்தேன்.  மங்களேஸ்வரி சோடா ரின்னை எடுத்துக்கொண்டு போய்க் குளிர்ப்பெட்டியில் திரும்ப வைத்தார். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு குசினிக்குள் இருந்தபடியே கேட்டார்.

"உறைப்பு எப்பிடி, தாங்குவியளோ?"